தக்ஷாவுக்கு ஒப்புதல் தாருங்கள்: விண்வெளித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்திய விண்வெளித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். தேசிய விண்வெளி நாளன்று எங்கள் கல்லூரி அரங்கில் சாதனைப் பட்டியல் நீளமாக வாசிக்கப்பட்டது. நானும் கைதட்டினேன். மிகு ஆற்றல் ஒளியான காமா கதிர் வெடிப்புகளுக்காக முழு வானத்தையும் கண்காணிக்கும் செயற்கைக்கோள் திட்டமான தக்ஷாவின் பெயரை மட்டும் மேடையில் எவரும் உச்சரிக்கவில்லை. அந்தத் திட்டத்தை உங்களுக்கே விளக்குவது முறையாகாது. முன்மொழிவு உங்களிடம் வந்து ஆண்டுகள் ஆகின்றன.

2017 ஆகஸ்ட் 17-ஐ நினைவூட்ட மட்டும் அனுமதியுங்கள். 13 கோடி ஒளியாண்டு தொலைவில் இரு நியூட்ரான் நட்சத்திரங்கள் (வெடித்து முடிந்த பெரு விண்மீன்களின் மிக அடர்ந்த மிச்சங்கள்) மோதியதன் தடயம் அன்று பூமியை வந்தடைந்தது. வெளியையே அதிரவைக்கும் ஈர்ப்பலை வந்து 1.7 நொடியில் காமா கதிர் வெடிப்பும் வந்தது. இரண்டு நொடியில் அடங்கியது. அமெரிக்காவின் ஃபெர்மி செயற்கைக்கோள் அதைப் பிடித்தது. ஐரோப்பாவின் இன்டெக்ரலும் பிடித்தது. நம் விண்வெளி ஆய்வகமான அஸ்ட்ரோசாட்டில் அத்தகைய வெடிப்புகளைக் காணும் கருவி இருந்தும், அந்த நேரம் பார்த்துப் பூமி குறுக்கே நின்றுவிட்டது. நம் கருவிக்குத் தென்படாததால் வெடிப்பு பூமி மறைத்த பகுதியில்தான் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, தேட வேண்டிய வானப்பரப்பைச் சுருக்கித் தந்தார்கள் நம் ஆய்வாளர்கள். காணாததையே சான்றாக்கிய அந்தத் திறமையை வணங்குகிறேன். இன்னும் எத்தனை முறை அதையே செய்யச் சொல்வீர்கள்?

தாழ்ந்த பாதையில் சுற்றும் ஒற்றைச் செயற்கைக்கோளுக்கு வானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எப்போதும் மறைந்தே இருக்கும். தக்ஷா கேட்பது பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு செயற்கைக்கோள்கள். ஒன்றுக்கு மறைவது மற்றதற்குத் தெரியும். ஒப்புதல் தாருங்கள்.

மகாராட்டிரத்தின் ஹிங்கோலியில் அமையும் ஈர்ப்பலை ஆய்வகமான லைகோ-இந்தியாவுக்கு 2023-இல் அமைச்சரவை 2,600 கோடி ரூபாய் அனுமதித்தது, மகிழ்ச்சி. அது ஒரு மோதலை அறிவிக்கும் நொடியில் காமா கதிரைக் காண யார் வாசலில் போய் நிற்பது? எக்ஸ் கதிர்களை ஆராயும் நம் எக்ஸ்போசாட் செயற்கைக்கோள் இருக்கிறதே என்பீர்கள். தேர்ந்தெடுத்த பொருளை உற்றுப் பார்ப்பதுதான் அதன் பணி; முழு வானத்துக்கும் காவல் நிற்பதன்று. ஐந்தாண்டுக்கென 2015-இல் அனுப்பிய அஸ்ட்ரோசாட்டோ தன் கடமைக்கு மேலேயே உழைத்துவிட்டது.

தங்கத்தின் விலையை நாள்தோறும் முதல் பக்கத்தில் படிக்கும் நாடு இது. அந்தத் தங்கம் இத்தகைய மோதல்களில் பிறப்பதைப் பார்க்க மட்டும் நமக்கு நிதி நெருக்கடி வந்துவிடுகிறது. நியூட்ரான் நட்சத்திரங்கள் நம் கோப்பு நகரும்வரை மோதாமல் பொறுத்திருக்கும் என்று எவரேனும் உறுதி அளித்திருந்தால் சொல்லுங்கள், நானும் பொறுத்துக்கொள்கிறேன்.

கடுஞ்சொல் இருந்தால் மன்னியுங்கள். தக்ஷாவுக்கு ஒப்புதல் தருமாறு பணிவுடன் மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். இயலாதென்றால் அதையாவது எழுத்தில் தெரிவியுங்கள். என் மாணவர்கள் வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு இந்த ஆண்டே விண்ணப்பிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியர்