வாத்து செஸ் பத்தி பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர் எல்லாருக்கும் வணக்கம்.

மத்தியான இடைவேளையில பிள்ளைங்க செஸ் போர்டு மேல ஒரு மஞ்சள் ரப்பர் வாத்தை வச்சு விளையாடுறாங்களே, இதெல்லாம் ஒரு செஸ்ஸா, நீங்க ஏன் தடுக்கலன்னு சில பேர் ஃபோன்ல கேட்டீங்க, சில பேர் கேட்லயே நிறுத்தி கேட்டீங்க. அதான் எல்லாருக்கும் சேர்த்து எழுதறேன். நான் தடுக்கப் போறதில்ல.

இது நம்ம பசங்க கண்டுபிடிச்சது இல்லீங்க. டிம் பால்டன்னு ஒருத்தர் 2016-ல உருவாக்கின டக் செஸ் (வாத்து செஸ்), 2022-ல செஸ்.காம்ங்கிற ஆன்லைன் செஸ் தளத்துல வந்ததுக்கு அப்புறம் நிறைய பேர் விளையாட ஆரம்பிச்சுட்டாங்க. உங்க காயை நகர்த்தினதும் வாத்தை எடுத்து வேற ஒரு காலி கட்டத்துல வைக்கணும், அது இருந்த இடத்துலயே விட முடியாது. வாத்தை யாரும் வெட்ட முடியாது. ராணி, யானை, பிஷப், சிப்பாய் எதுவும் அதைத் தாண்டிப் போக முடியாது, குதிரை மட்டும் தாண்டும். செக் (ராஜாவை வெட்டப் போறேன்னு மிரட்டுறது), மேட் (ராஜா தப்பவே முடியாம மாட்டுறது) எதுவும் கிடையாது, எதிராளி ராஜாவையே வெட்டினாத்தான் ஜெயிப்பு. நகர்த்த வழியில்லாம மாட்டிக்கிட்டா வழக்கமான செஸ்ல டிரா, இதுல மாட்டிக்கிட்டவங்கதான் ஜெயிச்சவங்க! இந்த ரூலைச் சொன்னாலே ஆறாங்கிளாஸ் பசங்க விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க.

ஆனா அந்த வாத்தை எங்க வைக்கிறதுங்கிறதுதான் பெரிய யோசனை. சாதா செஸ்ல வெள்ளைக்கு முதல் மூவுக்கு 20 வழி இருக்கு. இதுல அந்த 20-ல ஒண்ணை ஆடிட்டு மிச்சம் காலியா இருக்கிற 32 கட்டத்துல எங்க வேணா வாத்தை வைக்கலாம், அப்போ 640 வழி. அதுவும் சும்மா வச்சுட முடியாது, எதிர்ல இருக்கிறவன் அடுத்து எதை ஆடுவான், அதுல எது நமக்கு ரொம்ப ஆபத்துன்னு கண்டுபிடிச்சு அந்த வழியை அடைக்கணும். நாலே மூவ்ல ராஜாவை மடக்கப் பாக்கிற தந்திரத்துக்கு ராணி h5 கட்டத்துல வந்து நின்னா வாத்தைக் கொண்டுபோய் g6-ல வச்சுடறாங்க, ராஜா பக்கத்துல இருக்கிற f7-க்கு ராணி வர்ற வழி அந்த ஒரு டர்னுக்கு அடைஞ்சுடும், அதே f7-ஐக் குறிவைக்கிற பிஷப்பை வேற தனியா பாத்துக்கணும். "எதிராளி என்ன ஆடுவான்னு யோசி"ன்னு செஸ் சார் எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாத பசங்க, இப்போ ஒவ்வொரு மூவுக்கும் அதைத்தான் தானா செய்யறாங்க. குதிரையை நகர்த்தவே பயப்பட்ட பிள்ளைங்க இப்போ குதிரையைத்தான் முதல்ல எடுக்கறாங்க.

இன்னொண்ணும் மனசுல இருக்கு, சொல்லிடறேன். 2024 டிசம்பர்ல குகேஷ் சிங்கப்பூர்ல உலக சாம்பியன் ஆனதுல நம்ம எல்லாருக்கும் பெருமைதான். ஆனா அதுக்கப்புறம் சில வீட்ல ரேட்டிங் (போட்டியில ஆடுறதை வச்சு குடுக்கிற புள்ளி) ஏறிச்சா, ஏன் தோத்தன்னு கேள்வி ஜாஸ்தியாயிடுச்சு, தோத்தா அழுதுட்டு போர்டு பக்கமே வராத பிள்ளைங்களை நான் பாத்துட்டு இருக்கேன். அந்தப் பிள்ளைங்கதான் இப்போ வாத்துக்காக திரும்ப வந்து உக்காந்திருக்காங்க, தோத்தா சிரிச்சுட்டு அடுத்த கேமுக்கு காயை அடுக்கறாங்க. எனக்கு அது போதும். 2022-ல மாமல்லபுரத்துல ஒலிம்பியாட் நடந்தப்ப வேட்டி சட்டை போட்ட குதிரை 'தம்பி'யைப் பாத்துட்டு செஸ் கத்துக்கணும்னு வந்த குழந்தைங்க எவ்வளவு பேர், ஞாபகம் இருக்கும் உங்களுக்கு.

டோர்னமென்ட் போற பிள்ளைங்களோட பெத்தவங்க கவலை நியாயமானது, அதை நான் ஒதுக்கல. வாத்து செஸ்ல ராஜாவை அடிபடுற இடத்துல விட்டுட்டு வேற காயை ஆடலாம், அது தப்பு மூவ் இல்ல. நிறைய நேரம் குடுத்து ஆடுற கிளாசிக்கல் டோர்னமென்ட்ல அப்படி ஆடினா எதிராளிக்கு கடிகாரத்துல 2 நிமிஷம் கூட்டிக் குடுப்பாங்க, அதே கேம்ல ரெண்டாவது தடவையும் செஞ்சா தோல்வி. அதனால போட்டிக்கு முந்தின ஒரு வாரம் அந்தப் பிள்ளைங்க சாதா செஸ் மட்டும்தான் ஆடணும்னு செஸ் சார்கிட்ட சொல்லியாச்சு.

கடையில போய் வாத்து எல்லாம் வாங்கித் தராதீங்க. பாட்டில் மூடி, அழிரப்பர் எது வேணா வாத்துதான், ஏழாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு அழிரப்பருக்கு மஞ்சள் ஸ்கெட்ச் அடிச்சு கண்ணு மூக்கு வரைஞ்சு கொண்டுவந்திருக்கா, அவ்ளோ அழகா இருக்கு. வர்ற வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டதும் நாலு மணியிலேர்ந்து நூலகத்துல பெத்தவங்க பிள்ளைங்க ஜோடியா ஆடுறதுக்கு போர்டு போட்டு வைக்கறோம். செஸ் தெரியாதவங்களும் வாங்க, ரூலை உங்க பிள்ளையே சொல்லிக் குடுக்கும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்