ஆர்மோனியக்காரர் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'வள்ளி திருமணம்' நாடகம் விடிய விடிய நடந்ததை மேடையிலேயே பதிவு செய்து வெளியிட்டிருக்கிறார்களே, அதைப் பற்றிக் கேட்டவர்களின் கருத்துகளைப் போன இதழில் இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் ஒருவர் எழுதியதை மட்டும் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் கொடுத்திருக்கிறீர்கள். "நடிகர்கள் பாடும்போது ஆர்மோனியக்காரரும் குறுக்கே பாடுவது பெரிய இடைஞ்சல். அதை வெட்டி எடுத்திருக்கலாம்." படித்த அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

எழுதியவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. நாடகத்தை நேரில் பார்க்காதவராக இருக்கலாம். ஆனால் உங்களுக்குத் தெரியாதா? அதற்குப் பின்பாட்டு என்று பெயர், அது ஆர்மோனியக்காரரின் வேலை என்று கீழே ஒரு வரி போட்டிருக்கலாமே. முப்பது வருஷமாக உங்கள் இதழை வாங்குகிறேன். இது உங்களுக்குத் தெரிந்த விஷயம் என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். அதனால்தான் மனசு ஆறவில்லை.

எங்கப்பா ஆர்மோனியக்காரர். கொடுமுடி, சிவகிரி, முத்தூர், வெள்ளகோவில், மூலனூர் என்று மாரியம்மன் நோம்பிக்கு எங்கே நாடகம் வைத்தாலும் அவருடைய கால் ஆர்மோனியம் மாட்டுவண்டியில் போகும். பள்ளிக்கூடம் லீவு என்றால் நானும் போவேன். பெட்டிக்குப் பின்னால் பவானி ஜமக்காளத்தை விரித்துப் படுத்துக்கொள்வேன். கண்ணை மூடினாலும் அவர் மிதிக்கிற சத்தம் காதுக்குள் கிறீச் கிறீச் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

இந்த மாதிரி நாடகத்தை ஸ்பெஷல் நாடகம் என்பார்கள், இதற்கு ஒத்திகை கிடையாது. கதாநாயகன் வேஷம் போடும் ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், கதாநாயகி வேஷம் போடும் ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார். சில சமயம் மேடையில்தான் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் முதலில் பார்ப்பார்கள். அவர்கள் எங்கே எடுப்பார்கள், எங்கே மூச்சு வாங்குவார்கள் என்று பார்த்துக் கூடவே போகிறவர் ஆர்மோனியக்காரர்தான். அவர் பாடுவது தன் குரலைக் காட்டுவதற்காக இல்லை.

ஒரு மார்கழி நோம்பி. பனி கொட்டுகிறது. ராத்திரி ரெண்டு மணி இருக்கும், வள்ளிக்கும் வேடனுக்கும் தர்க்கம் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. வள்ளியாக வந்த அக்காவுக்கு மேல் ஸ்தாயியில் தொண்டை கட்டிக்கொண்டது. குரல் நின்றதும் எங்கப்பா அதே சுருதியில் அந்த அடியைப் பிடித்துக்கொண்டார். வாயிலிருந்த வெற்றிலையைக் கூடத் துப்பவில்லை, கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு பாடினார். அந்த அக்கா தினைப்புனத்தைப் பார்ப்பதுபோலத் திரும்பி, படுதா ஓரத்தில் நீட்டிய சுக்குத்தண்ணியை ரெண்டு வாய் குடித்துவிட்டு, அடுத்த அடிக்குச் சரியாக வந்து சேர்ந்தார். கூட்டத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை, கைதட்டினார்கள். வெடியக்காலம் பஸ்ஸுக்கு நிற்கும்போது அவர் எங்கப்பாவைக் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணே, நேத்து என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க" என்றார். அதைத்தான் வெட்டச் சொல்கிறீர்கள்.

இது புதுசும் இல்லை. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தையே விலக்கி வைத்தது. சுரத்தை அசைத்து இழைக்கிற கமகம் அதில் வராது, நம் சங்கீதத்துக்கு ஒத்து வராத வெளிநாட்டுப் பெட்டி என்றார்கள். 1971 வரைக்கும் அந்தத் தடை இருந்தது. எங்கப்பா வாசித்த காலத்தில் பெரும்பகுதி அப்படியே போய்விட்டது. ரேடியோவில் தன் பெட்டிச் சத்தத்தைக் கேட்கவேண்டும் என்று அவருக்கு இருந்த ஆசை கடைசி வரை நடக்கவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் இப்போது நோம்பிக்கு நாடகமே வைப்பதில்லை. கேட்டால், "யாருங்க உக்காந்து கேக்கறாங்க?" என்கிறார்கள். மெல்லிசைக் கச்சேரி வைக்கிறார்கள், பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிடுகிறது. கே.பி. சுந்தராம்பாள் 1908-இல் கொடுமுடியில் பிறந்தவர். நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்து இதே வள்ளி திருமணத்தில் மேடையேறியவர். அவரைச் சினிமாவில் ஔவையாராக வந்தவர் என்று மட்டுமே நம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையனிடம் அவர் நாடக நடிகை என்று சொன்னால், அப்படியா அம்மாயி என்று ஆச்சரியமாகப் பார்க்கிறான்.

அந்தக் காலத்து இசைத்தட்டுகளையும் கேட்டு வளர்ந்தவள் நான். ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம்தான். மேடையில் ஆலாபனை செய்து, விருத்தம் பாடி, ஒன்ஸ்மோர் வாங்கி நீட்டுகிற பாட்டை அதற்குள் அடைப்பார்கள். இந்தப் பதிவில்தான் முதல்முறையாக மேடையில் பாடியபடியே பாட்டுகளை முழுசாகக் கேட்டேன், அதுவும் ரெண்டு ராத்திரி. குறை இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். மிருதங்கம் எங்கேயோ தூரத்தில் கேட்கிறது. பபூன் பகுதியை நிறையக் குறைத்துவிட்டார்கள். ஆனால் நாரதர் வள்ளியிடம் வந்து பேசும் இடத்தில் அந்த ஆர்மோனியக்காரர் பின்னாலிருந்து ஒரே ஒரு அடியைத் தாழ்வாக எடுத்துக் கொடுக்கிறார் பாருங்கள், நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி நூறு வருஷம் தாண்டிய பாட்டு, அந்த ஒரு அடியில் எங்கள் ஊர் மேடைக்கே திரும்பி வந்தமாதிரி இருந்தது.

அப்புறம் அவர் யார் என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன் எல்லார் பெயரும் இருக்கிறது. அவர் பெயர் மட்டும் இல்லை. உங்கள் இரண்டு பக்கத்திலும் இல்லை.

வெளியிட்டவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு போன் போட்டுக் கேட்டு, அடுத்த இதழில் அவர் பெயரை ஒரே ஒரு வரி போடுங்கள். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. இடம் போதாது என்றால் இந்தக் கடிதத்தை வெட்டிவிட்டு அந்தப் பெயரைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொடுமுடி.