சிரசு வர்ற தெருவுல இருந்து அம்மா

கண்ணு,

சாப்டியா? போன்ல பேசினா "ம்", "சரிம்மா"ன்னு வச்சிடுற, அதான் உட்காந்து டைப் பண்றேன், நீளமாத்தான் இருக்கும், பொறுமையா படிச்சிடு.

போன மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்டேட்டஸ்ல டைலர் தி கிரியேட்டர்னு ஒரு ராப் பாடகரோட வீடியோ வச்சிருந்தியே, கறுப்பு வெள்ளைல ஒரு பையன் தனியா ஸ்டூல்ல உட்காந்து கரப்பான்பூச்சிய கையில விட்டு விளையாடுறான், அப்புறம் அதையே தின்னுட்டு வாந்தி எடுக்குறான், கண்ணு ரெண்டும் முழுசா கறுப்பாயிடுது, கடைசில தூக்குல தொங்குறான். விடிகாலைல எழுந்து அதைப் பார்த்தேன். அடுப்பை அணைச்சிட்டு வாசப்படில உட்காந்துட்டேன்.

உங்கப்பா "சாத்தான் பாட்டு கேக்குறான் உன் புள்ள"ன்னார். நான் சண்டை போட்டேன். தெரியாம பேசக்கூடாதுன்னு பாப்பாவை பக்கத்துல வச்சிக்கிட்டு நீ கேக்குற ராப் வீடியோ எல்லாம் ஒண்ணொண்ணா பார்த்தேன், அவதான் அர்த்தம் சொன்னா. கெண்ட்ரிக் லமார் 2017ல எடுத்த ஹம்பிள்ங்குற பாட்டு வீடியோல போப்பாண்டவர் மாதிரி அங்கி போட்டு நிக்குறார், இயேசுவோட கடைசி விருந்து மாதிரி நடுவுல உட்காந்திருக்கார். அந்தப் பாட்டு இருக்குற ஆல்பத்துக்கு 2018ல புலிட்சர் பரிசே குடுத்தாங்களாமே. லில் நாஸ் எக்ஸ்னு ஒரு ராப் பாடகன் 2021ல வந்த பாட்டு வீடியோல கம்பத்தைப் புடிச்சி சறுக்கிக்கிட்டே நரகத்துக்குப் போய் சாத்தான் கழுத்தை முறிச்சி கொம்பை எடுத்து தன் தலைல வச்சிக்குறான். முதல்ல எனக்கு அருவருப்பாத்தான் இருந்தது, பொய் சொல்லல. அப்புறம் பாப்பா சொன்னா, அவன் ஆம்பளைய விரும்புற பையன், அப்படி இருந்தா நரகம்தான்னு கேட்டு பயந்தே வளர்ந்தவன், பாட்டு வந்த அன்னிக்கு 14 வயசுல இருந்த தனக்கே ஒரு லெட்டர் எழுதினான்னு. அதுக்கு மேல அவனைத் திட்ட எனக்கு வாய் வரல.

நம்ம ஊரு மட்டும் என்ன? சிவராத்திரி முடிஞ்சி பாலாத்துல மயானக்கொள்ளைக்குப் போனா காளி வேஷம் போட்டவங்க எலும்பைக் கடிச்சிக்கிட்டு ஆடுறாங்க. நம்ம குடியாத்தத்துல வைகாசி ஒண்ணாந்தேதி கெங்கையம்மன் திருவிழால அம்மனோட வெட்டுன தலைய, அந்தச் சிரசைத்தானே ஊர்வலமா தூக்கிட்டு வர்றோம். அதுக்குப் பின்னாடி இருக்குற கதைல, அப்பா சொன்னாருன்னு பெத்தவ தலைய வெட்டுன பரசுராமன், அதே அப்பா கிட்டயே எங்கம்மாவைத் திருப்பிக் குடுன்னு வரம் கேட்டான், இதை விட இருட்டான கதை எந்த ராப் பாட்டுல இருக்கு சொல்லு. அஞ்சு வயசுல நீ அந்தச் சிரசைப் பார்த்துட்டு என் புடவைக்குள்ள பூந்துக்கிட்ட. தலை எங்க போவுதுன்னு அழுதுக்கிட்டே கேட்ட. உங்க ஆயா உன்னைத் தூக்கி வச்சிக்கிட்டு, "உடம்பைத் தேடிப் போவுதுடா, கோயிலுக்குப் போனா சேர்ந்துடும்"னா. முத்தியாலம்மன் கோயில்ல இருந்து கெங்கையம்மன் கோயில் வரைக்கும் லட்சக்கணக்குல ஜனம் கூடவே போவுது, வழியெல்லாம் தேங்கா ஒடைக்குறாங்க, அந்தத் தலைய யாரும் தனியா விடல.

உன் வீடியோல எனக்கு பயம் வந்தது அங்கதான் கண்ணு. ரூம்ல யாருமே இல்ல. அந்த டைலர் தி கிரியேட்டர் அப்பன் முகமே பார்க்காம வளர்ந்தவனாம், 2011ல அதை எடுத்தப்போ 19 வயசு, அந்தப் பாட்டு இருக்குற ஆல்பத்துல ஒரு மனநல டாக்டர் கிட்ட பேசிக்கிட்டே இருப்பானாம், கடைசில பார்த்தா அந்த டாக்டரும் அவனேதானாம். தன் கிட்ட தானே பேசிக்கிட்டு இருந்திருக்கான் புள்ள. அவன் நல்லா இருக்கான், 2020ல கிராமி வாங்கினான்னு பாப்பா காட்டினப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது, யாரோ பெத்த பிள்ளைக்கு.

நீ எப்படி இருக்க? உன் ரூம்மேட் காலி பண்ணிட்டுப் போனது கூட பாப்பா சொல்லித்தான் தெரியும். பாட்டைக் கேக்காதன்னு சொல்லல, கேளு, உள்ள இருக்குறத அவங்க வெளிய கொட்டுறாங்க, உனக்கு அதுல ஏதோ ஆறுதல் இருக்குன்னு புரியுது. லாஜிக்னு ஒரு ராப் பாடகர் 2017ல அமெரிக்கா தற்கொலை தடுப்பு ஹெல்ப்லைன் நம்பரையே பாட்டுக்குப் பேரா வச்சார், அந்தப் பாட்டு பரவலா பேசப்பட்ட நாளுங்கள்ல அந்த நம்பருக்கு கால் நிறைய வந்ததுன்னு பின்னாடி ஆராய்ச்சி பண்ணி எழுதியிருக்காங்க. நம்ம நாட்டுல 14416, டெலி மானஸ்னு கவர்மெண்ட் மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம், காசு இல்ல. அம்மா கிட்ட சொல்ல முடியாதது ஏதாவது இருந்தா அங்க சொல்லு, நான் தப்பா நினைக்க மாட்டேன். சேவ் பண்ணிக்கோ.

வைகாசி ஒண்ணுக்கு லீவு கேளு. காட்பாடில இறங்கினா உங்கப்பா வண்டியோட நிப்பார், சாத்தான்னு பேச மாட்டார், நான் சொல்லி வச்சிருக்கேன். லீவு கிடைக்கலன்னா சொல்லு, நான் புனேக்கு டிக்கெட் போட்டுக்குறேன், பாப்பா புக் பண்ணித் தருவா.

ராத்திரி ரெண்டு மணின்னாலும் பரவால்ல, ஸ்டேட்டஸ் வைக்கிறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் பண்ணு. சவுண்டை ஃபுல்லா வச்சி தலைமாட்டுலதான் வச்சிருக்கேன்.

அம்மா