அதுக்கு முன்னாடி என்னம்மா?

அன்பு மகள் செல்விக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது பேரன் உன்னிடம் கேட்டது என் காதிலும் விழுந்தது. "பெருவெடிப்புக்கு முன்னாடி என்னம்மா இருந்துச்சு?" பிரபஞ்சம் விரியத் தொடங்கிய அந்த நேரத்தைத்தான் கேட்கிறான். நீ, "அதெல்லாம் சாமிக்குத்தான் தெரியும், சாப்பிடு" என்றாய். அவன் அதோடு அடங்கிவிட்டான். எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

நம்ம கறுப்பு வெள்ளை டிவி ஞாபகம் இருக்கிறதா? மாடியில் நின்று நான் ஆன்டெனாவை இலங்கை ரூபவாஹினிப் பக்கம் திருப்ப, "இன்னும் புள்ளிதான்ப்பா!" என்று கீழேயிருந்து கத்துவாய். அந்தப் புள்ளியில் நூற்றில் ஒரு பங்கு பிரபஞ்சத்தின் ஆதி வெளிச்சத்தால் வந்ததாம். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

1964-ல் நியூஜெர்சியில் பென்சியாஸ், வில்சன் என்ற விஞ்ஞானிகள் இருவரும் கொம்பு மாதிரி ஒரு பெரிய ஆன்டெனாவை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். எந்தப் பக்கம் திருப்பினாலும், பகலோ இரவோ, ஒரே இரைச்சல். உள்ளே கூடு கட்டிய புறாக்களைப் பிடித்து அகற்றி, எச்சத்தைச் சுரண்டிக் கழுவியும் போகவில்லை. பிரபஞ்சம் பிறந்து 1,380 கோடி ஆண்டு ஆகிறது. அது பிறந்து 3,80,000 ஆண்டில் புறப்பட்ட ஒளிதான், வழியில் ரேடியோ அலையாக மாறி, அந்த இரைச்சலாக வந்தது. அதற்கு முன்னால் எல்லாம் கொதிக்கிற மூட்டம். மார்கழிப் பனியில் எதிரே வரும் வண்டி தெரியாதே, அப்படி.

கணக்குப் போட்டு இன்னும் பின்னால் போகிறார்கள். முதல் சில நிமிடங்களில் சாதாரணப் பொருளின் எடையில் கால் பங்கு ஹீலியம் உண்டாகியிருக்க வேண்டும் என்கிறது கணக்கு. அளந்து பார்த்தாலும் அப்படியே இருக்கிறது. ஆனால் தொடக்கத்துக்கு மிக அருகில் போனால் ஈர்ப்பின் கணக்கும் அணுவின் கணக்கும் ஒன்றோடொன்று சேர மறுக்கின்றன. அங்கே 'முன்னாடி' என்ற சொல்லுக்கு அர்த்தம் உண்டா என்பதே கேள்வி.

எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்று 1931-ல் சொன்ன லெமைத்ர் என்ற விஞ்ஞானி ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951-ல் போப்பாண்டவரே இதைப் படைப்புக்குச் சாட்சியாகப் பேசியபோது லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. பூசை வைத்த கைதான். ஆனாலும் கணக்கு நின்ற இடத்தில் கடவுளைக் கொண்டுவந்து வைக்க அவர் சம்மதிக்கவில்லை. 1966-ல் கடைசிப் படுக்கையில் இருந்தபோதுதான் அந்த இரைச்சல் செய்தி அவர் காதுக்குப் போனது.

நீ சாமி கும்பிடுவதை நான் குறை சொல்லவில்லையம்மா. நானும் விளக்கேற்றாமல் காப்பி குடிப்பதில்லை. அவனிடம் மட்டும், "இதுவரைக்கும் தெரியும், அதுக்கு மேல இன்னும் யாருக்கும் தெரியலைடா" என்று சொல்லிவிடு. இன்னும் பத்துக் கேள்வி கேட்பான், கேட்கட்டும்.

டிவி பரணில்தான் கிடக்கிறது. மே மாதம் நீங்கள் வருவதற்குள் இறக்கித் துடைத்து வைக்கிறேன். படம் வேண்டாம், புள்ளி வந்தால் போதும்.

அன்புடன்,
அப்பா