பலகை வேண்டாம், பாலம் வேண்டும்

மதிப்புக்குரிய தோட்ட முகாமையாளர் அவர்களுக்கும் பிரதேச சபைத் தவிசாளர் அவர்களுக்கும்,

வணக்கம். நம் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசை வீடுகளான லயங்களுக்கும் பாடசாலைக்கும் நடுவில் ஓடும் ஓடையைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. பாலம் எந்த மழையில் போனது, அதற்குப் பிறகு எத்தனை மனுக்கள் வந்தன என்பதெல்லாம் உங்கள் கோப்புகளில் இருக்கின்றன. சென்ற மாதம் அந்த இடத்தில் ஒரு பலகை நாட்டப்பட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

பலகையில் ஆங்கிலத்தில் இரண்டு வரி. கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்களுக்கு எட்டாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி வாசித்துச் சொன்னாள்: மழை நாட்களில் ஓடையைக் கடக்க வேண்டாம், மேல் வீதியால் சுற்றிச் செல்லவும். தேயிலை மலைகளின் வழியே போகும் பீக்கோ டிரெயில் என்ற சுற்றுலா நடைபாதையில் நடக்க வருகிறவர்களுக்கு அது நல்ல யோசனைதான். ஒருநாள் வந்து போகிறவர்கள் நான்கு கிலோமீட்டர் கூடுதலாக நடப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கோ அந்த நான்கு கிலோமீட்டர் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை.

ஆகவே அவர்கள் சுற்றுவதில்லை. வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றிப் பொலித்தீன் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஓடையில் இறங்குகிறார்கள். அக்கரை ஏறியதும் கால்களைப் புல்லில் தேய்த்து, அட்டை ஏறியிருக்கிறதா என்று ஒருவர் காலை ஒருவர் பார்த்துவிட்டுச் சப்பாத்தைப் போடுகிறார்கள். தவணைப் பரீட்சை தொடங்கிய நாளில் தண்ணீர் இடுப்பளவு வந்தது. லயத்து மாமா ஒருவர் வேலைக்குப் போகாமல் நின்று, சின்னப் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளில் தூக்கி அக்கரை சேர்த்தார். பதினொரு பிள்ளைகள், பதினொரு முறை. அன்றைக்கு அவருக்குப் பேர், அதாவது நாட்சம்பளம், இல்லை; அரைப்பேர்கூட இல்லை.

நடக்க வருகிறவர்கள் மீது எனக்கு மனத்தாங்கல் கிடையாது. ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை, 22 கட்டங்களாக 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் அந்தப் பாதையை உலகம் வந்து பார்க்கட்டும். வழி கேட்டு லய வாசலில் நிற்பவர்களுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புகிறோம். லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை தேயிலை நட்ட கதையை அவர்கள் படித்துவிட்டு வருகிறார்கள். தென்னிந்தியாவிலிருந்து வந்து தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான் இந்த மலைகளில் பாதை வெட்டினார்கள் என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். 2023இல், அவர்கள் வரத் தொடங்கிய 200 ஆண்டு நினைவாக, அதே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எங்கள் மக்கள் மறுபடியும் நடந்தார்கள். நடப்பது எங்களுக்குப் பாரமில்லை. பாலம்தான் வேண்டும்.

முகாமையாளர் அவர்களே, கேட்டபோது அது பிரதேச சபையின் வேலை என்றீர்கள். தவிசாளர் அவர்களே, தோட்டக் காணியில் சபைப் பணத்தைச் செலவிட முடியாது என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். இதே பதிலை என் அப்பாவும் கேட்டிருக்கிறார். அவர் காலத்தில் சட்டம் அப்படி இருந்தது. 2018இல் பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டு, தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை வேலை செய்ய வழி திறந்தது. அதற்குப் பிறகும் அதே பதிலா?

பாலம் மட்டுமா? 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அங்கும் எச்சரிக்கை முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கையை எழுதிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுவது எங்கள் மலையைப் பிடித்த பழைய நோய். அந்தப் பலகையைப் பார்த்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மன்னிக்க வேண்டும், பாலம் கேட்க வந்தவன் எங்கோ போய்விட்டேன்.

இரு கரையிலும் பழைய கருங்கல் கட்டு இன்னும் உறுதியாக நிற்கிறது. இருபதடி நீளத்துக்கு இரும்புச் சட்டமும், பிடித்து நடக்கக் கம்பியும் போதும். சீமெந்து சுமக்க எங்கள் இளைஞர்கள் வருவார்கள். அடுத்த தவணை தொடங்குமுன் அந்தப் பாலத்தைப் போட்டுத் தாருங்கள். அதற்கு முன், நீங்கள் இருவரும் ஒருநாள் காலை ஆறரை மணிக்கு, பிள்ளைகள் ஓடையில் இறங்கும் நேரத்தில், அங்கே வந்து பார்க்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கீழ்ப்பிரிவு லயத்தில் பிறந்த ஓர் ஆசிரியன்