முளைப்பாரி போடப் போகும் மகளுக்கு

தேவிபட்டினம்
ஆடி மாதம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. வேளச்சேரியில் உங்கள் தெரு அம்மன் கோயிலில் இந்த வருசம் முளைப்பாரி எடுப்பதாகவும், ராமநாதபுரத்துப் பிள்ளை என்பதால் முளை வளர்க்கும் பொறுப்பை உன்னிடம் விட்டிருப்பதாகவும் சொன்னாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்.

முதலில் ஒன்று, தாயி. முளை சரியாக வராவிட்டால் போட்டவள் மேல் பழி சொல்லும் வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. சுத்தபத்தமாக இல்லை, கைராசி இல்லை என்பார்கள். புது மருமகளாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அப்படி யார் சொன்னாலும் காதில் வாங்காதே. உங்கள் தெருவில் இன்னொருத்தியைச் சொல்லவும் விடாதே. முளை கெட்டால் விதையைப் பார், எருவைப் பார், தண்ணீரைப் பார், கதவு இடுக்கைப் பார். விரதம் இரு, நல்லதுதான். ஆனால் அளவுக்கு மீறி ஊறிப்போன விதையை விரதம் காப்பாற்றாது.

நம் சீமையில் புரட்டாசியில் புழுதி விதைப்பு. அதற்கு முன்னால் ஆடி, ஆவணியில் முளைப்பாரி எடுக்கும் முளைக்கொட்டுத் திருவிழா வருகிறது. வீட்டுக்கு வீடு குதிரில் இருக்கிற விதை முளைக்குமா முளைக்காதா என்று மழைக்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிடும். அதனால் முளை வராதது ஒரு செய்திதான்: இந்த விதையை நம்பி வயலில் இறங்காதே என்று. அதைப் பெண்ணின் குற்றமாக்குவது எனக்குப் பொறுப்பதில்லை.

முத்துப் பரப்புவதற்கு, அதாவது தொட்டியில் விதை போடுவதற்கு, ஒரு வாரம் முன்பே விதையை வாங்கு. தட்டைப்பயறு, பாசிப்பயறு, மொச்சை இந்த மூன்றும்தான் உயரம் கொடுக்கும். சோளம், கம்பு, கேழ்வரகு, நெல், எள் எல்லாம் தானியக் கணக்குக்கு ஒரு பிடி போதும். இருட்டில் செடி தன் பருப்பில் இருக்கும் சத்தைத் தின்றுதான் வளர்கிறது. பெரிய பருப்பு கடைசி நாள் வரை தாங்கும். எள்ளுக்கும் கேழ்வரகுக்கும் நடுவிலேயே சத்துத் தீர்ந்து தலை சாய்ந்துவிடும். அதனால் சின்னத் தானியத்தை ஓரமாக வட்டமிட்டுத் தூவு, பயறுகளை நடுவில் போடு. ஓரம் சாய்ந்தாலும் கடைசியில் பூச்சரம் மறைத்துக்கொள்ளும்.

வாங்கியதும் ஒவ்வொன்றிலும் இருபது விதை எடுத்து ஈரத்துணியில் முடிந்து வை. இரண்டு மூன்று நாளில் குறைந்தது பதினெட்டு முளை விட வேண்டும். பதினைந்துக்குக் கீழே போனால் கடையை மாற்று. ஊறப்போடும்போது மிதப்பது வண்டு துளைத்தது, அரித்து எறி. ஊறிய பிறகும் கல் மாதிரி இருப்பவற்றைப் பொறுக்கிவிடு, அவை நேரத்துக்கு முளைக்காது. சாயம் பூசிய விதைக்கடை விதை வேண்டாம். அது பூச்சிமருந்தோ பூஞ்சைமருந்தோ தடவியது. முளையைக் குழந்தைகள் தொடும், மாடு தின்னும்.

பயறு எட்டு மணி நேரம் ஊறினால் போதும், மொச்சைக்குப் பன்னிரண்டு. ராத்திரி போட்டுவிட்டு மறுநாள் சாயங்காலம் வரை மறந்துவிட்டால் புளித்த வாடை வரும். அந்த விதையை மண்ணில் போடாதே.

இங்கே முளை போடும் மண்சட்டியை மண்பாண்டம் செய்யும் வேளார் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அங்கே பன்னிரண்டு அங்குல வாயுள்ள மண் தொட்டி வாங்கிக்கொள், ஆழம் ஐந்தாறு அங்குலம் இருந்தால் போதும். அடியில் ஓட்டை இருக்க வேண்டும், அதன் மேல் ஓட்டுச்சில்லு. பிளாஸ்டிக் பேசின் இலகு என்று யாராவது சொல்வார்கள். அதில் தண்ணீர் வடியாது, மண்ணைப் போல் ஈரத்தை உறிஞ்சாது, நாலாம் நாள் நாறும். தொட்டிக்குள் வைக்கோல் இரண்டு விரல் கனம். அதன் மேல் சலித்த செம்மண் இரண்டு பங்கு, மக்கிய மாட்டுச் சாணத்தூள் ஒரு பங்கு, ஆட்டுப் புழுக்கைத்தூள் ஒரு பங்கு கலந்து, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே வரை நிரப்பு. எரு குறைந்தது மூன்று மாதம் காய்ந்து மக்கியதாக இருக்கட்டும். பச்சைச் சாணம் உள்ளே சூடேறி வேரைக் கருக்கிவிடும். கடற்கரை மணல் சும்மா கிடைக்கிறதே என்று அள்ளிவராதே, உப்பில் ஒன்றும் எழும்பாது.

ஒரு தொட்டிக்குக் காய்ந்த விதையாக 150 முதல் 200 கிராம். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஒரே அடுக்காகப் பரவ வேண்டும். அடர்த்தியாக வரட்டும் என்று அரைக் கிலோவைக் கொட்டுபவர்களுக்குத்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். மேலே சாணத்தூள் விதை மறையும் அளவுக்கு மட்டும் தூவு.

முளை வீட்டுக்கு ஜன்னல் இல்லாத அறையாகப் பார். இருந்தால் கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாக அடித்துவிடு. கதவு இடுக்கிலும் துணி. கீழே நாலு விரல் காற்றுக்கு இருக்கட்டும், அதன் முன்னால் ஒரு பலகையைச் சாய்த்துவை. வெளிச்சம் பட்டால் பச்சையம் கட்டி, முளை குட்டையாக நின்றுவிடும். வெளிச்சத்தைத் தேடித்தான் அது நீளுகிறது. ஒரு பக்கம் மட்டும் கோடு போல வெளிச்சம் வந்தாலும் எல்லாம் அந்தப் பக்கமே கோணிக்கொண்டு வளரும். சின்ன அகல் விளக்கோடு, தண்ணீர் விடும் வேளையில் ஒருத்தி மட்டும் உள்ளே போகட்டும். ஏ.சி. அறை கூடாது. சாம்பிராணி போட வேண்டுமென்றால் கோயிலில் போடு, அடைத்த அறைக்குள் வேண்டாம். புகையில் எத்திலீன் என்ற வாயு இருக்கிறது. அது தேங்கினால் முளை தடித்து, வளைந்து, உயராமல் நிற்கும். இதை நம் ஊரிலேயே பலர் அறியாமல் செய்கிறார்கள்.

தண்ணீர்தான் எல்லாவற்றிலும் பெரியது. நம் கரையில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். நல்ல தண்ணீரைத்தான் முளைக்குத் தெளிப்போம். நீயும் போர்த் தண்ணீரை ஊற்றாதே. குழாய்த் தண்ணீர் என்றால் முதல் நாள் இரவே வாளியில் பிடித்துத் திறந்து வை, மருந்து வாடை போகட்டும். முதல் இரண்டு நாள் வேப்பங்கொத்தால் மூன்று வேளை தெளி. பிறகு இரண்டு வேளை, வேளைக்கு ஒரு டம்ளர். ஊற்றுவதற்கு முன் விரலை ஓரத்தில் ஒரு கணு இறக்கிப் பார். மண் விரலில் ஒட்டினால் அந்த வேளைக்குத் தண்ணீர் வேண்டாம்.

மூன்றாம் நாள் சாணத்தூள் ஒரே அடையாகப் பொருக்குக் கட்டி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், அதன் அடியில் வெள்ளை வெள்ளையாகக் கழுத்துகள் வளைந்திருக்கும். பயப்படாதே. அந்தப் பொருக்கை விரல் நுனியால் நாலைந்து இடத்தில் உடைத்து, லேசாகத் தெளித்தால் தானே உதிரும். கையால் பிடுங்கி எடுத்தால் தலைகள் ஒடிந்துவிடும். அதே நாளில்தான் பஞ்சு மாதிரிப் பூஞ்சையும் தெரியும். வேரில் நுண்ணிய ரோமம் இருப்பது வேறு, அது தெளித்தால் படிந்துவிடும். தெளித்தும் படியாமல், முகர்ந்தால் வாடை அடித்தால் பூஞ்சை. அந்த இடத்தை மண்ணோடு கரண்டியால் எடுத்துவிட்டு, குழியில் விறகுச் சாம்பல் போட்டு, ஒரு நாள் தண்ணீரை நிறுத்து. ஐந்தாம் நாளுக்கு மேல் தலையில் தெளிக்காமல் ஓரமாகக் கையால் ஊற்று. ஒன்பதாம் நாள் ஒரு அடிக்கு மேல் நின்றால் நல்ல முளை.

இங்கே செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டி முத்துப் பரப்பினால் பெரும்பாலும் அடுத்த செவ்வாயோ புதனோ எடுப்பார்கள். ராத்திரி தோறும் முளைக்கொட்டுத் திண்ணையைச் சுற்றிக் கும்மி உண்டு. அங்கே திண்ணை இருக்காது, நடுவில் ஒரு குத்துவிளக்கு வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேருக்குப் பதினைந்து அடி குறுக்களவுள்ள வட்டம் வேண்டும். டைல்ஸ் தரையில் ஆட வேண்டாம், வேர்வையில் வழுக்கும். பாட்டு எடுப்பவளுக்குக் குரல் பெரிதாக இருப்பதைவிடத் தாளம் ஓடாமல் இருப்பது முக்கியம். பத்து நிமிசத்தில் எல்லாரும் வேகமாகிவிடுவார்கள். பின்னால் குனிந்து தட்டும் வயதானவர்களுக்கு மூச்சு வாங்கும். குலவை போடத் தெரியாத சென்னைப் பிள்ளைகளுக்கு முதல் ராத்திரியே சொல்லிக்கொடு, நாக்கை இரண்டு பக்கமும் ஆட்டினால் வந்துவிடும்.

எடுக்கும் நாள் காலையில் தண்ணீர் விடாதே, சுமை குறையும். முளையைச் சுற்றி வாழைநாரால் தளர்வாக ஒரு கட்டு, அதன் மேல் பூ. ஜிகினாத்தாளும் தெர்மாகோலும் வேண்டவே வேண்டாம். வெயில் சாய்ந்த பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும். மதிய வெயிலில் அரை மணி நேரத்தில் துவண்டுவிடும். தலையில் நல்ல சும்மாடு வைத்து, தொட்டியை ஒரு கையால் விளிம்பில் பிடிக்கச் சொல். ஊர்வலத்துக்குக் காவல் நிலையத்தில் போகும் தெருக்களை எழுதி முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

முளையைக் கரைக்க இங்கே நமக்குக் கடலோ ஊருணியோ கண்மாயோ இருக்கிறது. அங்கே கடலுக்குப் போவதானால் இருட்டில் பிள்ளைகளை அலைக்குள் இறங்க விடாதே. சேர்ந்துகொண்டு ஒரு பெரிய அண்டாவில் கரைத்து, அந்தத் தண்ணீரைக் கோயில் மரத்துக்கு ஊற்றினாலும் குறையில்லை. தொட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து எடுத்து வை, அடுத்த வருசத்துக்கு ஆகும்.

நாட்டுத் தட்டைப்பயறு ஒரு கிலோ பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். அதையும் இருபது எண்ணிப் பார்த்துவிட்டே ஊறப்போடு. மூன்றாம் நாள் காலையில் பொருக்கை உடைக்கும் முன்னால் கூப்பிடு.

அன்புடன்,
அம்மா