தொலைபேசி ஒலிப்பதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ பீனிக்ஸ் போய்ச் சேர்ந்ததையும், பேஸ்பால் முகாமின் மருத்துவச் சோதனைகளில் பாதி முடிந்துவிட்டதையும் அம்மா சொன்னாள். தொலைபேசியில் பேசும்போது நம் இருவருக்குமே அவசரம் வந்துவிடுகிறது. நீ "சரிப்பா" என்கிறாய், நானும் வைத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் நீ கற்ற தமிழை இன்னும் எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். மெதுவாகப் படிக்கப்பட வேண்டிய கடிதம் இது என்பதால்தான் தமிழில் எழுதுகிறேன்.

போன வாரம் விமான நிலையத்துக்குப் போகும் வழியில், தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டைப் பற்றி நீ ஒன்று சொன்னாய்: "பதினோராவது சுற்றில் கூப்பிட்டால்கூடப் போய்விடுவேன், அப்பா." நான் பதில் சொல்லாமல் வண்டியை ஓட்டினேன். கல்லூரிதான் முதலில் என்று நான் அடம்பிடிக்கப் போகிறேன் என நீ நினைத்திருப்பாய். அப்படி இல்லை. பந்து வீச்சாளர் கிளேட்டன் கெர்ஷா டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் சேருவதாக வாக்குக் கொடுத்திருந்தும், 2006 டிராஃப்டில் டாட்ஜர்ஸ் அணி ஏழாவது ஆளாகத் தேர்ந்தெடுத்து 23 லட்சம் டாலர் தந்தபோது பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு போய்விட்டார். அவரை யாரும் தவறு சொல்ல முடியாது. தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதை நான் எதிர்க்கவில்லை. எவ்வளவு வந்தால் போவது, எவ்வளவுக்குக் கீழே போனால் வேண்டாம் என்று சொல்வது என்பதை நாம் மூவரும் இன்னும் உட்கார்ந்து பேசவில்லை என்பதுதான் என் கவலை.

உன் பெரியப்பாவின் கதையை நீ அரைகுறையாகத்தான் கேட்டிருப்பாய். எங்கள் ஊரில் அவர் வாலிபால் ஆடினால் பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் வந்து பார்ப்பார்கள். கல்லூரி இரண்டாம் ஆண்டில் ஒரு பொதுத்துறை நிறுவனம் தன் அணியில் ஆட அவரை அழைத்தது. தாத்தா ஒரே இரவில் சம்மதித்துவிட்டார். இருபத்து நான்கு வயதில் முழங்கால் ஜவ்வு கிழிந்து ஆட்டம் முடிந்துபோனது. ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த அந்த வேலை போகவில்லை. ஓய்வு பெறும் வரை அதே அலுவலகத்தில் இருந்தார், இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். எங்கள் தலைமுறைக்குத் தெரிந்த விளையாட்டு வாழ்க்கை அது. கால் போனாலும் நாற்காலி இருக்கும். நீ கையெழுத்துப் போடப் போகும் ஒப்பந்தத்தில் அந்த நாற்காலி கிடையாது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கே இரண்டு வருடம் ஆயிற்று.

பதினோராவது சுற்றின் கணக்கைப் பார். டிராஃப்டின் முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஓர் அணிக்கு உள்ள இடங்களின் மதிப்பைக் கூட்டினால் வரும் தொகைதான், புது ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்க அந்த அணிக்கு உள்ள மொத்த நிதி. பதினொன்றிலிருந்து இருபதாம் சுற்று வரை 1,50,000 டாலர் வரைக்கும் அந்த நிதியில் கை வைக்காமல் கொடுக்கலாம் என்பதால், பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடுகிறது. வரியும், டிராஃப்டில் நமக்கு வழிகாட்டும் ஆலோசகரின் பங்கும் போக உன் கையில் ஒரு லட்சத்துச் சொச்சம் நிற்கும். அதன் பிறகு மாதச் சம்பளம். உச்ச நிலையான மேஜர் லீகுக்குக் கீழே இருக்கும் மைனர் லீகின் ஆட்டக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து 2023-இல் முதன்முறையாகப் போட்ட கூட்டு ஒப்பந்தத்தின்படி, புதியவர்கள் ஆடும் பயிற்சி வளாக லீகில் அந்த ஆண்டு 19,800 டாலர், மேல்படியான டபுள் ஏ-வில் 30,250, அதற்கும் மேலான டிரிபிள் ஏ-வில் 35,800. தங்குமிடத்தை அணியே தருகிறது என்பது முன்பு இல்லாத பெரிய ஆறுதல். மேலே மேஜர் லீகில் 2025-இல் குறைந்தபட்ச ஊதியமே 7,60,000 டாலர். இடையில் இருக்கும் இந்தப் பள்ளத்தைத் தாண்டும் வரை உன்னைத் தாங்க வேண்டியது அந்த முதல் காசோலைதான். அணியும் தான் போட்ட பணத்தின் அளவுக்குத்தான் பொறுமை காட்டும். பத்து லட்சம் கொடுத்து எடுத்த பையன் ஒரு வருடம் சரியாக வீசாவிட்டால் காத்திருப்பார்கள். அதே பொறுமையை 1,50,000 டாலர் பையனிடம் எதிர்பார்க்க முடியாது. 2021-இல் மைனர் லீக் அணிகளை 160-இலிருந்து 120-ஆகக் குறைத்த பிறகு காத்திருக்க இடமும் குறைந்துவிட்டது.

கல்லூரிப் பக்கமும் நான் நினைத்த அளவுக்குப் பாதுகாப்பானது அல்ல. முன்பெல்லாம் ஓர் அணி முழுவதற்குமே 11.7 உதவித்தொகைகள்தான், அதைத் துண்டு துண்டாகப் பங்கிட்டுக் கொடுப்பார்கள். கல்லூரி விளையாட்டு வீரர்களின் வழக்கில் 2025-இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டுக்குப் பின், அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களுக்கு அந்த உச்சவரம்பு நீங்கியது. ஆனால் அணியில் 34 பேருக்கு மேல் இருக்க முடியாது. வேறு கல்லூரியில் மூன்று வருடம் வீசி முதிர்ந்த இருபத்தொரு வயதுக்காரர் மாறி வரும்போது, முதலாமாண்டு மாணவனாகிய உன் இடம்தான் முதலில் ஆட்டம் காணும். உனக்கு வாக்குக் கொடுத்த பயிற்சியாளரிடம் இதை நேருக்கு நேர் கேள். மரியாதையாகக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நீ ஃப்ரிஸ்கோ மைதானத்தில் பார்த்த பந்து வீச்சாளர் குமார் ராக்கரை நினைத்துக்கொள். எட்டு வயதில் அதே மைதானத்தின் வெளிக்களத்துக்குப் பின்னால் இருக்கும் நீரோடையில் மிதந்துகொண்டே ஆட்டம் பார்த்தவன் நீ. 2024 ஆகஸ்டில் ராக்கர் வீசிய அன்று மட்டும் இருக்கையை விட்டு அசையவில்லை. இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பேரன், நம்மைப் போன்ற ஒரு பெயர் முதுகில் இல்லாவிட்டாலும் முன்னால் இருக்கிறது என்று அம்மா பெருமைப்பட்டாள். சுற்றுகள் இப்போதைவிட அதிகமாக இருந்த 2018-இல், பள்ளி முடித்தபோது அவரை கொலராடோ அணி 38-ஆவது சுற்றில்தான் அழைத்தது. அவர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அடுத்த ஆண்டே டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிராக, பந்தை அடித்து முன்னேறும் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல், மட்டையாளர்கள் 19 பேரைத் தன் வீச்சாலேயே ஸ்டிரைக் அவுட் ஆக்கி வெளியேற்றினார். அந்த ஆண்டு கல்லூரிகளுக்கான கோப்பையையும் வென்றார்கள். 2021-இல் மெட்ஸ் அணி பத்தாவது ஆளாக எடுத்து, 60 லட்சம் டாலருக்குப் பேச்சு முடிந்த நிலையில், மருத்துவச் சோதனைக்குப் பிறகு கையை விரித்துவிட்டது. டிராஃப்டுக்கு முன்பே ஸ்கேன் எடுத்துக் கொடுத்திருந்தால் இவ்வளவாவது தந்தே தீர வேண்டும் என்ற விதி அவருக்குத் துணை நின்றிருக்கும். அவர் எடுத்துக் கொடுத்திருக்கவில்லை. ஒரு வருடம் எந்தப் பெரிய அணியும் இல்லாமல் இருந்து, சுயேச்சை லீகில் வீசிய அவரை, 2022-இல் ரேஞ்சர்ஸ் அணி மூன்றாவது ஆளாக எடுத்து 52 லட்சம் கொடுத்தது. மறு ஆண்டே முழங்கையின் நாரை மாற்றும் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை. 2024 செப்டம்பரில்தான் மேஜர் லீகில் முதல் பந்து. கல்லூரிக்குப் போனதால் அவருக்கு விலை கூடியது என்பது உண்மை; கல்லூரிக்குப் போனதால் அவர் கை காப்பாற்றப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டையும் நீ சேர்த்தே பார்க்க வேண்டும்.

நீ அடிக்கடி சொல்லும் பந்து வீச்சாளர் கெரிட் கோலும் அப்படித்தான். 2008-இல் யாங்கீஸ் அணி முதல் சுற்றிலேயே எடுத்தும், அவர் யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2011-இல் டிராஃப்டின் முதல் ஆளாக பைரேட்ஸ் அணியிடம் 80 லட்சம் பெற்றார். 2019 டிசம்பரில் அதே யாங்கீஸ் 32 கோடியே 40 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. ஆனால் 2014-இல் முதல் இடத்தில் எடுக்கப்பட்ட பிரேடி ஐக்கன், மருத்துவச் சோதனைக்குப் பிறகு ஆஸ்ட்ரோஸ் அணி தொகையைக் குறைத்ததால் கையெழுத்துப் போட மறுத்து, அடுத்த மார்ச்சிலேயே முழங்கை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். 2015-இல் வேறொரு அணியில் சேர்ந்தும் மேஜர் லீகை எட்டவே இல்லை. மறுத்தவர்கள் எல்லோரும் ஜெயித்துவிடவில்லை.

இப்போது, சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். ஏப்ரலில் இரண்டு வாரம் நீ இடது கையால் பல் துலக்கினாய். அம்மா என்னிடம் சொல்வதற்கு முன்பே நான் அதைப் பார்த்துவிட்டேன். பார்த்தும் கேட்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு, அணிகளுக்காக ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் வேகம் அளக்கும் ரேடார் கருவியோடு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். நீ வீசுவதை அவர்கள் பார்க்க வேண்டும் என்று நான் விரும்பினேன். நீ வீசினாய், கருவியில் மணிக்கு 96 மைல் காட்டியது, நான் எழுந்து நின்று கைதட்டினேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு மருத்துவர் வெறும் தசை வலிதான் என்று சொன்னது நம் நல்ல காலம். அது என் நிதானத்துக்குக் கிடைத்த சான்றிதழ் அல்ல. அங்கே மருத்துவர்கள் கேட்டால் ஏப்ரல் வலியை மறைக்காமல் சொல். அதனால் தொகை குறைந்தால் குறையட்டும்.

இதனால்தான் எவ்வளவு வந்தால் போவது என்ற எண்ணை இப்போதே முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். டிராஃப்டின் இரண்டாம் நாளில் சுற்றுகள் நிமிடக் கணக்கில் ஓடும். ஏதோ ஓர் அணி ஆலோசகரை அழைத்து, "இந்தத் தொகைக்குக் கையெழுத்துப் போடுவானா?" என்று கேட்கும், பதில் சொல்ல ஒன்றிரண்டு நிமிடம் கிடைத்தால் அதிகம். மொத்த நிதியை ஐந்து சதவீதத்துக்கு மேல் மீறினால் அடுத்த ஆண்டின் முதல் சுற்று உரிமையையே அந்த அணி இழக்கும் என்பதால், அவர்களுக்கு முன்கூட்டியே உறுதியான எண் தேவை. அந்த நிமிடத்தில் வீட்டில் உறவினர்கள் இருப்பார்கள், உன் நண்பர்கள் இருப்பார்கள், நான் இருப்பேன். அப்போது நான் நிதானமாக இருப்பேன் என்று என்னை நம்பாதே. ஏப்ரலில் நான் அப்படி இருக்கவில்லை.

எண்ணோடு இன்னொன்றையும் எழுதி வாங்க வேண்டும். கையெழுத்துப் போடும்போதே, பிற்காலக் கல்லூரிச் செலவை இத்தனை பருவங்களுக்கு இவ்வளவு என்று அணி ஒப்பந்தத்தில் சேர்க்கலாம். ஆட்டத்தை விட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் படிப்பைத் தொடங்காவிட்டால் அந்தப் பணம் போய்விடும். பதினெட்டு வயதில் இது சாதாரண விதியாகத் தெரியும். இருபத்தைந்து வயதில், ஆட்டம் கைவிட்ட துக்கத்தோடு, உன்னைவிடச் சின்னப் பிள்ளைகள் நடுவே வகுப்பில் உட்கார மனம் வருவதற்கே இரண்டு வருடம் ஆகிவிடலாம். அப்படி ஒரு நாள் வந்தால் நான் உன்னை நச்சரிப்பேன். அதற்கான அனுமதியை இப்போதே கேட்டு வைக்கிறேன்.

நம் எண் கிடைக்காவிட்டால் கல்லூரிக்குப் போ. நாலாண்டுக் கல்லூரியில் சேர்ந்தால் மூன்றாம் ஆண்டு முடிவில் மறுபடியும் டிராஃப்டுக்கு வரலாம். அப்போதும் ஓர் ஆண்டு மிச்சம் இருப்பதால் பேரம் பேச இடம் இருக்கும். காத்திருக்க முடியாது என்று தோன்றினால் ஈராண்டுக் கல்லூரி இருக்கிறது. அங்கிருந்து அடுத்த ஆண்டே வரலாம். பெரிய ஆட்டக்காரரான ஆல்பர்ட் பூஹோல்ஸ் அப்படிப்பட்ட கல்லூரியிலிருந்து 1999-இல் பதின்மூன்றாவது சுற்றில் வந்தவர்தான்.

அம்மாவும் நானும் ஒருவருக்கொருவர் காட்டாமல் ஆளுக்கொரு தாளில் எங்கள் எண்ணை எழுதி உறையில் ஒட்டி, பூஜை அலமாரியில் வைத்திருக்கிறோம். நீயும் அங்கே யாரிடமும் கேட்காமல், உன் அறையில் தனியாக உட்கார்ந்து, உன் எண்ணை எழுதிக்கொண்டு வா. ஞாயிறு இரவு விமான நிலையத்தில் நான் காத்திருப்பேன். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு முடித்த பிறகு மூன்று தாள்களையும் பிரிப்போம். உன்னுடையதை முதலில் வாசிப்போம். எங்கள் எண்கள் அதைவிட அதிகமாக இருந்தால் ஏன் என்று சொல்வோம், நீ கேள்; குறைவாக இருந்தால் நீ சொல், நாங்கள் கேட்கிறோம். கடைசியில் ஆலோசகருக்குப் போகும் எண் உன் கையெழுத்தில் இருக்கட்டும்.

அங்கே வெயில் கடுமை என்கிறார்கள். நிறையத் தண்ணீர் குடி. வலது கையில் பெட்டியைத் தூக்காதே.

அன்புடன்,
அப்பா